விட்டுப்போன ஒரு சொல்

ஹோபார்ட் டவுன், வான் டீமன் தீவு
1837 அக்டோபர் 8

அன்புத் தங்கை மெர்சிக்கு,

அக்கா லெட்டிஸ் எழுதுவது. உயிரோடு கரை சேர்ந்துவிட்டேன். கப்பலில் வாந்தி எடுத்தே பாதியாய்ப் போனதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஏபெலும் சுகமா? என் குட்டி ஃபீபி சுகமா? இது உன் கைக்கு வருவதற்குள் அவளுக்கு மூன்றரை வயது தாண்டியிருக்கும்.

என்னை ஒரு வீட்டில் துணி துவைக்க விட்டிருக்கிறார்கள். எசமானி திருமதி கிரிம்வுட், கப்பல் சாமான் கடைக்காரரின் விதவை. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை நீளாது. கைதிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்கிறார்கள். ஒரு போர்வையை எடுத்ததற்குப் பதினான்கு வருடம் நாடு கடத்தல்! எந்தப் போர்வையும் அவ்வளவு காலம் உழைக்காது மெர்சி.

கப்பலில் என் பக்கத்துப் படுக்கைக்காரியோடு மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இவனை எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "பால் குடிக்கிற புள்ளயான்னு சிறையில கேட்டாங்கள்ல? ஆமான்னேன். நீ என்ன சொன்ன?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணரை வயசுலயே மறந்துட்டா, ரொம்ப சமத்து" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். பால்குடி மறக்காத பிள்ளைக்குத்தான் தாயோடு கப்பலில் இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் அவள் என் மடியில் இருந்திருப்பாள். களவாணிக்குச் சமயத்தில் பொய் வரவில்லை பார்.

நன்னடத்தைச் சீட்டு வாங்கிவிட்டால், பெற்ற பிள்ளையை அரசாங்கச் செலவிலேயே வரவழைக்கலாமாம். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு துவைக்கிறேன். அதுவரை அவள் உன்னிடம் இருக்கட்டும். தினமும் அவளிடம் என் பெயரைச் சொல்.

உன் அக்கா,
லெட்டிஸ்


எல்ம்பரி, பெட்ஃபோர்ட்ஷையர்
1838 ஜூன் 17

மதிப்பிற்குரிய சகோதரி லெட்டிஸ் அவர்களுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் தங்கை மெர்சி சொல்ல, ஞாயிறு பள்ளி ஆசிரியர் பெக் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம். தாங்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம்.

ஏபெலுக்கு முதுகுவலி இருக்கிறது, வேலைக்குப் போகிறார். தொப்பி செய்கிற வைக்கோல் பின்னலுக்கு இந்த வருடம் நல்ல கிராக்கி. லண்டன் சீமாட்டிகளுக்கு எத்தனை தொப்பி இருந்தாலும் போதவில்லை. பன்றி ஈன்றிருக்கிறது. குட்டிகளில் ஒன்று நொண்டி. தாய் அதை ஒதுக்குவதால் மெர்சி அடுப்படியில் வைத்துத் தனியாகப் பால் கொடுக்கிறார். அதற்கு ஒரு காது கறுப்பு. (பன்றியைப் பற்றி இவ்வளவு வேண்டாமே என்றேன். "நீங்க எழுதுங்க அய்யா, அக்காவுக்கு அந்தப் பன்றியத் தெரியும்" என்கிறார்.) கோயில் கூரை ஒழுகுகிறது.

ஃபீபி நலம்.

இப்படிக்கு,
மெர்சிக்காக, பெக்


ஹோபார்ட் டவுன்
1839 ஜனவரி 20

அடி மெர்சி,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று உன் கடிதம் சொல்லிற்று. பன்றியும் சுகம் என்று ரொம்ப விவரமாகச் சொல்லிற்று. பன்றிக்கு அரைப் பக்கம், பெற்ற பிள்ளைக்கு இரண்டு சொல்லா? பெக் அய்யாவின் மை தீர்ந்துவிட்டதா, இல்லை உன் வாய் அடைத்துவிட்டதா?

எனக்குச் சொல். எவ்வளவு உயரம்? முடி என் மாதிரி செம்பட்டையாகவே இருக்கிறதா, கறுத்துவிட்டதா? பின்னல் பள்ளிக்கு அனுப்புகிறாயா? வைக்கோல் இழையை வாயில் வைத்து ஈரப்படுத்தும்போது அவளுக்கு வாய் ஓரம் வெடிக்கும், எனக்கும் அப்படித்தான். பன்றிக்கொழுப்பு தடவி விடு.

ராத்திரியில் என்னைக் கேட்டு அழுகிறாளா? அழுகிறாள் என்று எழுதினால் நான் வருத்தப்படுவேன் என்று மறைக்காதே. அழவில்லை என்று எழுதினால்தான் தாங்க மாட்டேன்.

என் பெயரைச் சொல்கிறாயா?

உன் அக்கா,
லெட்டிஸ்


கிராங்கர் பண்ணை, ஹோல்கோட்
1839 செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

மெர்சி சொல்ல, பெக் எழுதுவது. இங்கு நலம், அங்கும் நலமாக இருக்க வேண்டும். மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுத வேண்டும் என்று மெர்சி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அக்கா, நீ கோவிச்சுக்குவ. கோவிச்சுக்கோ. போன குளிர்காலத்துல பின்னல் பள்ளி வாசல்ல பிள்ளைங்க அவளச் சுத்தி நின்னுக்கிட்டு, "களவாணி மவ, களவாணி மவ, உங்காத்தா எங்க? கப்பல்ல!"ன்னு பாட்டுக் கட்டிப் பாடுதுங்க. இது அழக்கூட இல்ல. காதப் பொத்திக்கிட்டு நிக்குது. எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. பாதிப் பின்னலக் கையில வச்சிக்கிட்டே ஓடினேன். "எவடி சொன்னவ? இவ எம்மவ! நான் பெத்தவ!"ன்னு கத்தினேன். அது என் பாவாடையப் பிடிச்சிக்கிட்டு நிமிந்து பாத்து, "நீதான் அம்மாவா?"ன்னு கேட்டுச்சு. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?

எல்ம்பரியில இருந்தா இந்தப் பேச்சு விடாதுன்னு ஏபெல் இந்தப் பண்ணையில வேலை பாத்துக்கிட்டாரு. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அவளும் மறந்துட்டா. கடல் தாண்டிப் போன பெரியம்மா ஒருத்தி இருக்கான்னு மட்டும் சொல்லியிருக்கேன். தினம் உன் பேரச் சொல்லித்தான் ஜெபம் பண்றா அக்கா, பெரியம்மான்னு.

நான் பெத்த ரெண்டும் கல்லறைத் தோட்டத்துல இருக்குன்னு உனக்குத் தெரியும்.

(இந்த இடத்தில் மெர்சி எழுந்து வெளியே போய்விட்டார். கடிதத்தை முடித்துவிடச் சொன்னார். முடிக்கிறேன். பெக்.)


ஹோபார்ட் டவுன்
1842 ஆகஸ்ட் 14

மெர்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு.

இரண்டு வருடத்துக்கு மேல் நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வசவாகவே வந்தது, கிழித்துக் கிழித்துப் போட்டேன். துவைக்கிற கல்லில் உன்னை நினைத்து அடித்த அடியில் திருமதி கிரிம்வுட்டின் மேசை விரிப்பு ஒன்று கிழிந்தேவிட்டது. "யார் மேலடி கோவம்? விரிப்பு என்னடி பண்ணும்?" என்று கத்தினாள். நீ என்னிடமிருந்து எடுத்தது போர்வை இல்லை. அதற்கு உனக்கு எந்த நீதிபதியும் கிடையாது.

ஆனால் இன்றைக்குச் சண்டை வேண்டாம். நன்னடத்தைச் சீட்டு கையில் வந்துவிட்டது. மனுவும் கொடுத்துவிட்டேன். மேலிடத்து உத்தரவு அடுத்த வருடம் உங்கள் ஊருக்கு வரும். என் மகள் ஃபீபியை அனுப்பி வை. நல்ல குடும்பம் ஒன்றோடு சேர்த்துக் கப்பலேற்று. பெக் அய்யா, இதை மெர்சி தனியாக இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். மெர்சி, உனக்கு வலிக்கும் என்று தெரியும். இத்தனை வருடம் எனக்கு வலித்த மாதிரி வலிக்கும். ஆனாலும் அனுப்பி வை.

லெட்டிஸ்


ஹோல்கோட்
1843 மார்ச் 12

பெரியம்மா,

நான் ஃபீபி எழுதுகிறேன். நாங்கள் நலம், நீங்கள் நலமா? பெக் அய்யா லூட்டன் தேவாலயத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கு இப்போது படிக்கவும் எழுதவும் வரும். அதனால் அம்மா சொல்லச் சொல்ல இனிமேல் நான்தான் எழுதுவேன்.

அம்மா சொல்வது: அக்கா, உன் கடுதாசி வந்ததே போதும். திட்டினது போதாது, இன்னும் திட்டு. ஏபெல் வைக்கோல் போர்லேருந்து விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. படுக்கைதான். நானும் ஃபீபியும் பின்னித்தான் அடுப்பு எரியுது. அவ கை என் கையவிட வேகம். இந்தப் புள்ள மட்டும் இல்லேன்னா நான் கிணத்தத் தேடிப் போயிருப்பேன். நீ நல்லா இரு அக்கா.

அம்மா சொன்னது முடிந்தது. இனி எழுதுவது நான். அம்மா எதிரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். "இன்னும் என்னடி எழுதுற?" என்று கேட்டார். "விலாசம்" என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்திவிட்டேன். கடல் தண்ணீர் பட்டு மை கரைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். மை கரையவில்லை. "என் மகள் ஃபீபியை அனுப்பி வை" என்று இருந்தது.

பெரியம்மா, நான் யாருடைய மகள்?

நீங்கள் பதில் போட்டால் அதையும் நான்தான் படிப்பேன்.

ஃபீபி


ஹோபார்ட் டவுன்
1843 செப்டம்பர் 3

அன்பு ஃபீபிக்கு,

பெரியம்மா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். உன் கையெழுத்து வரிசை பிசகாமல் அழகாக இருக்கிறது. கீழே கோடு போட்டிருக்கிற இடம் வரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

மெர்சி, ஏபெலைப் பற்றிப் படித்து அழுதேன். அவருக்கு முதுகில் புண் வராமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வை. உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. போயே போய்விட்டது. இனி அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். உன் மகளை நன்றாக வளர்த்திருக்கிறாய்.

––––––––

ஃபீபி, இது உனக்கு. நீ கேட்டது நல்ல கேள்வி. வேறு யாராவதாக இருந்தால் கேட்காமல் மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பார்கள். உன் பெரியம்மா அவசரக்காரி. எழுதும்போது சொற்களை விழுங்கிவிடுவேன். "என் தங்கை மகள் ஃபீபி" என்று எழுத வந்தேன். நடுவில் "தங்கை" விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். இங்கே எனக்குத் துணையாகக் கொஞ்ச நாள் நீ வந்து இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். அப்பா இப்படிப் படுத்துக் கிடக்கும்போது அது நடக்கிற காரியமா? வர வேண்டாம்.

நீ மெர்சியின் மகள். இந்த வரியில் எந்தச் சொல்லும் விட்டுப்போகவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

வாய் ஓரம் வெடித்தால் கொழுப்பு தடவிக்கொள்.

பெரியம்மா


ஹோபார்ட் டவுன்
1843 செப்டம்பர் 3

மரியாதைக்குரிய பெக் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். லூட்டனில் தாங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேற்று அரசாங்க அலுவலகத்துக்குப் போய் என் மனுவை ரத்து செய்யச் சொன்னேன். குமாஸ்தா சின்ன வயதுக்காரர். "சும்மா ரத்து பண்ண முடியாதும்மா, காரணம் சொல்லணும்" என்றார். என் பிள்ளைக்கு என்னைத் தெரியாது என்று சொன்னேன். "அதெல்லாம் காரணம் ஆகாது. வந்தா தெரிஞ்சிட்டுப் போறா" என்றார். நல்ல மனுஷர்தான். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

"புள்ள செத்துப்போச்சுங்க" என்றேன்.

"ஐயையோ. எப்போ?"

"இப்பதான்."

அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார். இந்த ஊரில் ஒரு கைதிக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை அய்யா. அதில் உட்கார்ந்து அழுதேன். அழுததில் பொய் ஒன்றுமில்லை. விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திருமதி கிரிம்வுட் ஒரு கறுப்பு நாடாவைக் கொண்டுவந்து, "கையில கட்டிக்கடி. இன்னிக்குத் துவைக்காத" என்றாள். உயிரோடு இருக்கிற என் குழந்தைக்கு நான் கறுப்பு கட்டிக்கொண்டேன். ஆண்டவர் இதை எந்தக் கணக்கில் வைப்பாரோ.

மனுவில் விசாரிக்க வேண்டியவர் என்று உங்கள் பெயரைத்தான் கொடுத்திருந்தேன், ரத்து அங்கே வந்து சேருமுன் பழைய உத்தரவு உங்கள் கைக்கு வந்துவிடலாம். அது ஹோல்கோட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெர்சிக்கும் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் அழுதே காட்டிக்கொடுத்துவிடுவாள்.

லெட்டிஸ்


லூட்டன்
1844 மே 5

சகோதரி லெட்டிஸ் அவர்களுக்கு,

நான் சுகமாயிருக்கிறேன். உத்தரவு வந்தது. பிள்ளை உயிரோடு இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டேன். பொய் சொல்லாதே என்று இத்தனை காலம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அன்று மாலை ஹோல்கோட்டுக்கு நடந்தே போய் ஃபீபியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் பின்னிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

பெக்


ஹோல்கோட்
1852 மே 9

பெரியம்மா,

நாங்கள் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா போன பிறகு அம்மா தளர்ந்துவிட்டார், ஆனால் பின்னலை விடவில்லை.

தண்டனைக் காலம் முடிந்து முழு விடுதலை ஆகிவிட்டீர்கள் என்றும், கப்பலில் இடம் பிடித்துவிட்டேன், கிறிஸ்துமஸ் முடிந்ததும் புறப்பட்டு ஊருக்கு வருகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்துக் காட்டியதும் அம்மா ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அக்கா வந்தா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்று ராத்திரியெல்லாம் புலம்பினார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அறுவடை முடிந்ததும் எனக்குக் கல்யாணம். அவர் பெயர் ஜோசையா, மாவு ஆலைக்காரர் வீட்டுப் பையன். நல்லவர். அவருடைய அப்பா கண்டிப்பானவர். "கைதிக் கப்பல்ல போனவங்க உறவு ஏதாச்சும் உண்டா?" என்று நேராகவே கேட்டார். அம்மா கையிலிருந்த பின்னலைக் கீழே போட்டுவிட்டார். நான்தான், இல்லை என்றேன்.

பெரியம்மா, நீங்கள் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். அம்மாவுக்கு இது தெரியாது.

சின்ன வயதில் உங்களை ஒன்று கேட்டேன். ஒரு சொல் விட்டுப்போயிற்று என்று பதில் எழுதினீர்கள். நான் நம்பினேன். வளர்ந்து, நம்ப முடியாத வயது வந்த பிறகும் நம்பினேன். என்னை அப்படியே நம்ப விடுங்கள்.

உங்களை மறக்க மாட்டாத,
ஃபீபி


ஹோபார்ட் டவுன்
1852 நவம்பர் 7

அன்பு ஃபீபிக்கு,

பெரியம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. இது உன் கையில் கிடைக்கும்போது நீ கல்யாணமானவள். நீயும் ஜோசையாவும் நிறைந்து வாழ வேண்டும்.

நீ கேட்டுக்கொண்டபடியே ஆகட்டும். எனக்கும் இந்த வயதில் கடல் ஒத்துக்கொள்ளாது. வேலையும் இங்கே தலைக்கு மேல் கிடக்கிறது. நீ தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை, அதை நினைத்துக்கொண்டே இருக்காதே.

அம்மாவை உன்னோடு வைத்துக்கொள். எந்த முகத்தை வைத்துக்கொண்டும் அவள் என் முன்னால் நிற்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல். பிள்ளை பிறந்து, யாராவது எந்தக் காரணத்துக்காகவாவது "பால் மறந்துடுச்சா?" என்று கேட்டால், இல்லை என்று சொல். எத்தனை வயதானாலும் இல்லை என்றே சொல். ஏன் என்று கேட்காதே.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

பெரியம்மா


ஹோபார்ட் டவுன்
1852 நவம்பர் 7

பெக் அய்யா அவர்களுக்கு,

உங்கள் கண் இப்போது தேவலையா? நான் ஊருக்கு வரவில்லை. கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருமதி கிரிம்வுட், "நல்லதாப் போச்சு, இந்தக் கிழவிய யாருடி பாப்பா?" என்று சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

ஃபீபி எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி ஒன்று கூட வராது. எதிலும் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. எடுத்ததுமே "பெரியம்மா" என்றுதான் ஆரம்பிப்பாள். இத்தனை வருடமும் நான் என்ன செய்வேன் தெரியுமா அய்யா? முதல் இரண்டு எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். மிச்சம் இருப்பதை மட்டும் சத்தமாகப் படிப்பேன்.

"யம்மா."

நீங்கள் ஆசிரியர், திருத்துவீர்கள். அது எழுத்தில் வராத சொல், தெருவில் விளையாடிவிட்டுப் பசியோடு ஓடி வருகிற பிள்ளைகள் கூப்பிடுவது என்பீர்கள்.

ஆமாம் அய்யா. அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

லெட்டிஸ்